பின்வரிசைக்காக நின்ற மெட்டு

மூன்று ஆண்டுகளுக்கு முன், பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த மறுவாரம் இது நடந்தது. கள்ளக்குறிச்சிக்கு வெளியே உள்ள ஒரு கல்லூரியில் நான் நூலகராகப் பணிபுரிகிறேன். என் நூலகத்துக்கும் மாணவர்களின் ஊதுகருவிக் குழுவுக்கும் இடையே ஒரே ஒரு சுவர்தான். அது செங்கல்லால் ஆனதா, செய்தித்தாளால் ஆனதா என்ற ஐயம் எனக்கு இன்றளவும் தீரவில்லை.

அந்தக் குழுவுக்கு ஆசிரியர் கிடையாது. கிளாரினெட், ட்ரம்பெட், ட்ரோம்போன் என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு இருபது பேர். அவர்களே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து, அவர்களே மெட்டமைத்து, அவர்களே சண்டையிட்டுச் சமாதானமும் ஆகிவிடுவார்கள். தியாகதுருகத்திலிருந்து வரும் மூன்றாமாண்டு வேதியியல் மாணவன் ஒருவன் அவர்களுக்குத் தலைவன். மாலை நான்கு மணிக்கு அவர்கள் தொடங்கியதும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். நான் எழுந்து போய் அடுத்த அறைக் கதவைத் தட்டுவேன்.

சிக்கலே அங்கேதான். அந்த அறைக்குள் கோபத்தோடு போன யாரும் கோபத்தோடு திரும்பியதில்லை.

"வாங்க மேடம், இன்னா வாசல்லயே நின்னுகினு? டேய், மேடத்துக்கு சேர் போடுடா" என்பான் தலைவன். நாற்காலி வரும், பின்னாலேயே தேநீர் வரும். "சத்தம் ஜாஸ்தியா கீதுங்களா மேடம்?" என்று அவனே கேட்டும்விடுவான். ஆமாம் என்றால், "எங்களுக்கும் அப்டித்தான் தோணுச்சுங்க" என்று எல்லாரும் மனமார ஒப்புக்கொள்வார்கள். நான் என் இருக்கைக்குத் திரும்பி மூக்குக்கண்ணாடியை மாட்டுவதற்குள் அதே சத்தம், சற்றுக் கூடுதலாக, மீண்டும் தொடங்கிவிடும்.

இப்படி ஓராண்டு முறையிட்டதற்கு எனக்குக் கிடைத்த பரிசு, குழுவின் பொறுப்பாளர் பதவி. "அந்த ரூமுக்கு அடிக்கடி போறது நீங்க ஒருத்தர்தான மேடம்" என்பது முதல்வர் சொன்ன காரணம்.

பொறுப்பேற்ற பிறகுதான் அவர்களுடைய வழக்கங்கள் எனக்குத் தெரியவந்தன. சேர வருகிறவர்களுக்குத் தேர்வு கிடையாது. நேற்றுச் சேர்ந்தவர்கூட அடுத்த நிகழ்ச்சியில் வாசித்தே ஆக வேண்டும். முதல் வாரத்தில் ஒருவருக்கு ஒரே ஒரு சுரம்தான் ஒழுங்காக வரும் என்பதால், அந்த ஒரு சுரத்துக்கு மெட்டின் நடுவே இடம் ஒதுக்குவார்கள். அந்த இடம் வந்ததும் மற்ற அனைவரும் கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். புதியவர் ஊதினால் அடுத்த வரி. ஊதவில்லையென்றால் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். சில நாட்கள் மாலை முழுதும் ஒரே வரியைச் சுவருக்கு இந்தப்புறம் கேட்டபடி நான் புத்தகங்களுக்கு எண் எழுதியிருக்கிறேன்.

அந்த ஜனவரியில் ஆய்வுக் குழு ஒன்று கல்லூரிக்கு வருவதாயிற்று. முதல்வர் என்னை அழைத்தார். "வாசல்ல வரவேற்பு மெட்டு உங்க பசங்களுது. நல்லபடியா வாசிச்சாங்கன்னா ரூம் அவங்களுக்கே. சொதப்பினா திங்கக்கிழமையே பழைய விடைத்தாள் மூட்டையெல்லாம் அந்த ரூமுக்குள்ள போயிடும்" என்றார். அந்த அறை போனால் குழு போயிற்று; இருபது பேர் அந்தக் கருவிகளோடு நிற்பதற்கு வளாகத்தில் வேறு இடம் இல்லை. சுவருக்கு அந்தப்புறம் நிரந்தர அமைதி கிடைக்கும் என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்காகவும் அவர்கள்மேல் எரிச்சல் வந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வரும் முதலாண்டு மாணவி. ஊருக்குப் போகும் பேருந்து ஐந்து மணிக்கு என்பதால் நாளொன்றுக்கு அரை மணி நேரமே பயிற்சி. கிடைத்ததோ குழாயை நீட்டி மடக்கி ஊதும் ட்ரோம்போன். அவள் ஊதினால் மலைப்பாதை வளைவில் பேருந்து ஹாரன் அடிப்பது போலிருக்கும்.

"ஏய், நீ ஊதற ஊதுல மலையில கீற பஸ்சு தானா கீழ எறங்கி வந்துடும்" என்று கிளாரினெட்காரி சீண்டுவாள்.

"வரட்டுமே. நான் ஸ்டாண்டுக்கு ஓட வேணாம் பாரு" என்பாள் இவள்.

அவளுடைய ஒரு சுரத்துக்கும் வரவேற்பு மெட்டின் மூன்றாம் வரியில் இடம் வைத்துவிட்டார்கள். "ஆய்வுக் குழு முன்னால் வேண்டாமே" என்று தலைவனிடம் சொல்லிப் பார்த்தேன். "அவளும் நம்ம செட்டுதானுங்க மேடம்" என்றான். வாதம் அத்துடன் முடிந்தது. மிகுந்த மரியாதையோடு நம் பேச்சைக் கேட்காமலிருக்கும் பிள்ளைகளை என்ன செய்வது?

ஆய்வு நாளன்று நான் செய்தது இதுதான். விருந்தினர்களின் கார் வாசலில் திரும்பும்போது, குழு வரிசைகட்டி நின்றிருந்தது. தலைவன் முன்வரிசையில், வாசலைப் பார்த்தபடி. அவள் பின்வரிசையின் ஓரத்தில். நான் பின்பக்கமாகச் சென்று அவள் தோளைத் தொட்டு, "இந்த ஒரு முறை நீ என்னோடு நில் அம்மா, அடுத்த நிகழ்ச்சியில் வாசிக்கலாம்" என்றேன். கனிவாகத்தான் சொன்னேன். அவள் கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பின்னால் வந்து வேப்பமர நிழலில் நின்றாள். அவர்கள் யாரிடமும் நான் சொல்லவில்லை. ஒரு சுரம்தானே, தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

மெட்டு அழகாகவே தொடங்கியது. மூன்றாம் வரியில் அந்த இடம் வந்தது. இருபது பேரும் கருவியை வாயிலிருந்து எடுத்தார்கள். வாசல் முழுதும் அமைதியானது.

மெட்டு முடிந்துவிட்டதென்று விருந்தினர்கள் கைதட்டினார்கள். முதல்வர் சால்வையை விரித்துக்கொண்டு ஓரடி முன்வைத்தார். உடனே குழு வரியின் தொடக்கத்துக்குத் திரும்பியது. முதல்வர் சால்வையோடு பின்வாங்கினார். மீண்டும் அதே இடம், அதே அமைதி. இம்முறை கைதட்டல் பாதியில் நின்றது. மூன்றாம் முறை முதல்வர் சால்வையை மடிக்கவுமில்லை, விரிக்கவுமில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் விடைத்தாள் மூட்டைகள் தெரிந்தன.

தாண்டிப் போங்களேன், என்று நான் பல்லைக் கடித்தேன். பின்வரிசைக்காரர்கள் ஓரத்தில் இருந்த காலியிடத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஊதினார்கள். அவளை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக அவர்களுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு வழியை அவர்கள் பழகியதே இல்லை.

"மேடம்," என்றாள் அவள் மெதுவாக, "அவுங்க எனக்காவ நின்னுகினு இருக்காங்க. நான் போவட்டுங்களா?"

அந்த நேரத்திலும் நான் விருந்தினர்களைத்தான் ஒருமுறை பார்த்தேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. பிறகுதான், "போ" என்றேன்.

எல்லார் கண்ணெதிரிலும் செருப்புச் சத்தம் கேட்க அவள் ஓடினாள். நான்காம் முறை அந்த இடம் வந்தது. முதலில் வெறும் காற்று. பிறகு ஒரு பிளிறல். பிறகு, நம்ப முடியாதபடி, சுத்தமான ஒரு சுரம். அவ்வளவுதான், அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அத்தனை பேரும் மீதி மெட்டைத் தாறுமாறான வேகத்தில் ஊதித் தீர்த்தார்கள்.

மாலையில் தலைவன், அவள், நான் மூவரும் முதல்வர் அறைக்கு அழைக்கப்பட்டோம். நடந்தது தெரியாமலே தலைவன் முந்திக்கொண்டான். "தப்பு எங்களுதுதாங்க சார்."

"இல்லீங்க சார்," என்றாள் அவள். "எனக்குத் தலைய சுத்துச்சு, நெழலாண்ட போய் நின்னுட்டேன்."

எனக்காகப் பொய் சொல்கிறாள் என்பது புரிய ஒரு கணம் ஆனது. நான் வாய் திறக்காதிருந்தால் என் பெயருக்கு எந்தக் குறையும் வந்திருக்காது. அறை மட்டும் போயிருக்கும். "அவளை விலக்கி நிறுத்தியது நான்தான்," என்றேன். "அவள் வரிசையில் இருந்திருந்தால் மெட்டு ஒரு முறைகூட நின்றிருக்காது."

முதல்வர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்போ பசங்க சொதப்பல" என்றார். "சரி, ரூம் இருக்கட்டும். ஆனா மேடம், இனிமே அந்த ரூமப் பத்தி லைப்ரரியிலேர்ந்து ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் வரக்கூடாது."

வெளியே வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நாலு சொல்லை மனத்துக்குள் ஒழுங்காகக் கோத்தும் வைத்திருந்தேன். "வுடுங்க மேடம், பஸ்சுக்கு நேரமாய்டுச்சு" என்று புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பேருந்து நிலையம் நோக்கி ஓடிவிட்டாள். மன்னிப்பைக்கூட முழுதாகக் கேட்க விடாத கூட்டம் அது.

மறுநாள் நான்கு மணிக்கு அவர்கள் தொடங்கினார்கள். முறையிடும் உரிமையை இழந்துவிட்ட நான், படிக்கும் பிள்ளைகளின் மேசைகளை எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டேன். அன்றிலிருந்து, நான் இடம்பெறும் மாணவர் சேர்க்கைக் குழுவிலோ விழாக் குழுவிலோ யாரையேனும் "இந்த ஒரு முறை மட்டும்" விலகி நிற்கச் சொல்லலாம் என்ற எண்ணம் எழும்போதெல்லாம், அதைக் கனிவென்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டேன்.