தாழ்ப்பாள் இல்லாத கதவு

கட்டிவிட்ட கதை இல்லை கண்ணுகளா, நடந்தது. சந்தேகமிருந்தால் கொட்டச்சேட்டுக்குப் போய் சத்யராஜ் மகள் சுதாராணி வீடு எது என்று கேளுங்கள். எஸ்டேட் லைன் வீடுதான். குளிக்கிற அறைக்குத் தகரக் கதவு போட்டிருக்கிறார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இருந்ததை அவளே சுத்தியலால் அடித்துக் கழற்றிவிட்டாள். ஏன் என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள். நான் சொல்கிறேன். பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சுதாராணி அப்போது பிளஸ் டூ. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி. பரீட்சைக்கு முன்னால் பெரிய வகுப்புப் பிள்ளைகளைத் தியானத்துக்குக் கூட்டிப்போவது அங்கே வழக்கம். வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குப் பிரசங்கம், பூசை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம். மற்றப் பிள்ளைகளும் போகலாம். கோயிலில் உட்கார்ந்து தன் வாழ்க்கையை யோசித்துப் பார்த்தால் போதும். மஞ்சக்குட்டை தாண்டி, காப்பித் தோட்டத்துக்குள் ஒரு பழைய பங்களா. முன்பு பிள்ளைகள் தங்கும் போர்டிங்காக இருந்தது, இப்போது தியான இல்லம்.

பஸ்ஸிலேயே தோழி ஷீனா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, நீ பாவம் சொல்ல வரலியா?"

"எனக்கெதுக்கு? எங்க மலைச்சாமி சேர்வராயன் சொல்லாமயே தெரிஞ்சுக்குவாரு."

"நான் சொல்லப்போறேன். உன் டிபன்ல இருந்த முட்டைய அமுக்குனது நான்தான்னு."

"அடிப்பாவி, நீயா! நான் கலா மேலதான பழியப் போட்டேன்!"

"அப்ப உனக்கும் ஒரு பாவம் இருக்குது பாரு."

இறங்கியதும் சிஸ்டர் சாந்தாமேரி மணியடித்தார். "இனி சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் மௌனம். ஒருத்தர் வாயிலயிருந்தும் சத்தம் வரக்கூடாது."

சாயங்காலம் பனி இறங்கிவிட்டது. ஏற்காட்டுப் பனி உங்களுக்குத் தெரியுமே, எதிரே நிற்பவரை விழுங்கிவிடும். அந்தப் பனியில், சில்வர் ஓக் மரத்தடியில் நாற்காலி போட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஃபாதர் செபாஸ்டின் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலுக்குள் அதற்கென்றே செய்த பெரிய மரக்கூண்டு, தொட்டி என்பார்கள், சும்மா கிடந்தது. அவர் ஏன் உள்ளே உட்காரவில்லை என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கோயிலுக்குள் உட்கார்ந்திருந்த சுதாராணிக்குப் பசி. பாவம் சொல்லப் போகும் வழியில் ஷீனா ஒரு முறுக்குப் பொட்டலத்தை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனாள். சிஸ்டர் கண்ணில் படாமல் எங்கே தின்பது?

அந்தத் தொட்டியைப் பார்த்தாள். மூன்று சிறு அறைகள். நடு அறையில் மெத்தை போட்ட நாற்காலி, அரைக்கதவு, திரை. இரண்டு பக்கமும் முழந்தாளிடுகிற அறைகள். நடுவே சல்லடைக் கண் போட்ட பலகை. வலப்பக்க அறைக்குத் திரை; இடப்பக்க அறையை மட்டும் ஏதோ பழைய கதவால் அடைத்திருந்தார்கள். அதில் துருப்பிடித்த பூட்டு.

நடு நாற்காலி பாவம் கேட்கிற சாமியாரின் இடம். வேதக்காரப் பிள்ளை எதுவும் விளையாட்டுக்குக்கூட அதில் உட்காராது. சுதாராணிக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

உள்ளே போனாள். திரையை இழுத்துவிட்டாள். கடித்தால் சத்தம் கேட்குமே என்று முறுக்கை வாயில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

வலப்பக்கம் பலகை முனகியது.

யாரோ முழந்தாளிட்டார்கள். ஈரப் புடவை வாசம். விறகுப் புகை வாசம்.

"சாமி... நான் பாவிங்க. என்னைய ஆசீர்வதிங்க."

வயதான பெண்குரல். சமையல்கட்டு அம்மாவாக இருக்கும். நான் ஃபாதர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். மௌனம் போட்டிருக்கிறதே... வாயில் முறுக்கு வேறு. தயங்கினாள். அந்த ஒரு தயக்கத்தில் குரல் முந்திக்கொண்டது.

"பாவசங்கீர்த்தனம் பண்ணி நொம்ப நாளாச்சுங்க. நான் இங்கத்த சமையல்காரி. லீவுல எல்லாப் புள்ளைகளும் போயிருச்சுங்க. போறதுக்கு ஊடு இல்லாத ஒரு புள்ள மட்டும் எங்கூட இருந்துச்சு. ரொட்டியத் திருடிருச்சுங்க. சும்மா பயங்காட்டலாம்னுதான் விறகு ரூமுல போட்டுப் பூட்டுனேன்..."

மூச்சு வாங்கியது.

"அந்நேரம் பாத்து அண்ணன் செத்துட்டாருன்னு ஆள் வந்துச்சு. அழுதுக்கிட்டே பஸ் ஏறிட்டேனுங்க. சேலம் போயிதான் பாத்தேன்... சாவி முந்தானையில இருக்குது. மழையில மலை ரோடு அறுந்துபோச்சு. நான் திரும்பி வரையில..."

சுதாராணி முறுக்கைத் துப்பினாள். எழுந்து அரைக்கதவைத் தள்ளினாள்.

நகரவில்லை.

அதற்குத் தாழ்ப்பாளே இல்லை. ஆனாலும் நகரவில்லை.

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சாமி. நான் போயிடுறேன்."

"நான்... நான் சாமியார் இல்லீங்க..." சொன்னாள். தன் காதுக்கே கேட்கவில்லை.

அப்போது இடப்பக்கம்.

டொக்.

பூட்டிக்கிடந்த பக்கம். சல்லடைக்குக் கீழே. அவள் முட்டி உயரத்தில்.

டொக்... டொக்...

"அக்கா."

சின்னக் குரல். வறண்ட குரல். அந்தப் பக்கம் சாமி என்கிறது. இந்தப் பக்கத்துக்கு மட்டும் அவள் யார் என்று தெரிந்திருந்தது.

"அக்கா... சொல்லாதீங்க."

"சொல்லுங்க சாமி!" வலப்பக்கம்.

"அவங்க போயிட்டா... எனக்கு யாரு தொறப்பா?"

சல்லடைக் கண்களுக்குள் விரல்கள் நுழைந்தன. வலப்பக்கம். நீளமாக. ஈரமாக.

"ஒரு வார்த்த..."

"அக்கா, வேண்டாம்..."

காதைப் பொத்தினாள். இரண்டும் கேட்டன.

விரல் கன்னத்தில் பட்டது.

"மன்னிச்சாச்சு! போங்க!"



வலப்பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு. பலகை முனகி ஓய்ந்தது. சாவி குலுங்கும் சத்தம்... கிணிங்... கிணிங்... தூரமாக... இன்னும் தூரமாக...

இடப்பக்கம் ஒன்றுமில்லை. அழுகைகூட இல்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. ஷீனா திரையை விலக்கினாள். அரைக்கதவு லேசாகத் திறந்துகொண்டது.

"அடியே, இங்க உக்காந்தா தின்ன? உன்ன எங்கெல்லாம்..." மூஞ்சியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வலப்பக்க அறையின் திரையை விலக்கினால், ஆள் நுழையவே இடமில்லை. விளக்குமாறும் உடைந்த நாற்காலிகளும் சல்லடைவரை அடைத்துக்கிடந்தன.

சுதாராணி ஓடியே போய் ஃபாதரிடம் நின்றாள். திக்கித் திக்கிச் சொன்னாள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்தப் பக்கம் கண்ணு?"

"ரெண்டு பக்கமுங்க ஃபாதர்."

அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "நான் அங்க கேட்டதும் பாவசங்கீர்த்தனம்தான். அத ஒரு சாமியார் வெளிய சொல்லக்கூடாது" என்றார். ஒரு கல்லை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

பூட்டை உடைத்தார். உள்ளே ஒட்டடை மட்டும்தான்.

"அது பழைய விறகு ரூம இடிச்சப்ப மிஞ்சுன கதவுங்க ஃபாதர்" என்றார் சிஸ்டர். "சாவி கெடைக்கல. பூட்டோட தூக்கியாந்து இங்க வச்சு அடிச்சிட்டாங்க."

கதவின் உட்புறம், அடியில், முட்டி உயரத்தில் மரம் முழுக்கக் கீறல். நகக்கீறல்.

மறுநாள் பஸ்ஸில் சுதாராணி ஷீனாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். ஷீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி விடு. மன்னிப்புக் கேட்டாங்க, குடுத்துட்ட. பரிகாரம் என்ன சொன்ன?"

"பரிகாரமா?"

"பின்ன? பாவம் சொன்னா சாமியாரு ஒரு பரிகாரம் சொல்லுவாரு. திருடுனா திருப்பிக் குடுன்னுவாரு. அதச் செய்றேன்னு ஒத்துக்கிட்டாத்தான் மன்னிப்பு. அந்தம்மாகிட்ட, போயி அந்தக் கதவத் தொறந்து விட்டுட்டுப் போன்னு ஒரு வார்த்த நீ..."

ஷீனா நிறுத்திக்கொண்டாள். கொட்டச்சேட்டில் சுதாராணி இறங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். சுதாராணி குளிக்கப் போனாள். தகரக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

டொக்.

வெளியிலிருந்து இல்லை.

உள்ளிருந்து. அவள் பக்கத்தில். முட்டி உயரத்தில்.

"அக்கா... அவங்க சாவியக் குடுத்துட்டுப் போனாங்களா?"