அவன் முதல்முதலாகப் பாட்டிலில் குடித்த நாள்

ரப்பர் வேகிற வாசனை...

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் சமையலறை ஒரு வாரம் முழுக்க அந்த வாசனையில்தான் இருந்தது. படகு மாதிரி ஒரு கண்ணாடி பாட்டில், அதற்கு ஒரு ரப்பர் நிப்பிள். இரண்டையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு, அடுப்பைப் பார்த்தபடி நிற்பேன்.

அறுபதுகளின் ஆரம்பம். எனக்கு டவுன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. மூத்தவன் பிறந்து எடுத்த லீவு முடிந்து, கெஞ்சி வாங்கிய லீவும் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை வராவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவனோ என்னைத் தவிர எதிலும் வாய் வைக்க மாட்டான். பாலாடைச் சங்கில் புகட்டினால் பாதி துணிக்குப் போகும், மீதியைத் துப்புவான்.

வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. எனக்கு விடியற்காலை டியூட்டி, என் வீட்டுக்காரருக்கு ஒர்க் ஷாப்பில் மதிய ஷிஃப்ட். நான் வரும்வரை பிள்ளை அவர் பொறுப்பு என்று ஏற்பாடு. ஆண்பிள்ளை குழந்தைக்குப் பால் கொடுப்பதா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யாரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முன்வரவில்லை.

அந்தக் காலத்து நிப்பிளில் ஓட்டை இருக்காது. ஊசியைச் சுட்டு நாமே போட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு மெஷின் மூளை. அடைப்பே வரக்கூடாது என்று கோணி ஊசியைச் சுட்டு ஒரே குத்து! பசும்பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சி, ஆற்றி, வாயில் வைத்தோம். பால் குபுக்கென்று இறங்கிப் பிள்ளைக்குப் புரையேறி, முகம் செக்கச்சிவந்து, ஒரு நிமிஷம் மூச்சே காணோம்.

புது நிப்பிள் வாங்கி, தையல் ஊசியால் சின்ன ஓட்டை போட்டோம். என்ன பிரயோஜனம்? பாட்டிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டான். மாரில் வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு உட்கார், தன்னால் மறப்பான் என்று ஒருத்தி யோசனை சொன்னாள். அதையும் செய்து, அவன் இரண்டையும் வேண்டாம் என்றால் நான் எங்கே போவது? கோபம் கோபமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு நாள் போயிட்டு வா. அவன் குடிக்கலைன்னா மருந்துக்கடையிலேர்ந்து எக்ஸ்சேஞ்சுக்கு போன் பண்றேன். உடனே கிளம்பி வந்துடு. அப்புறம் வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அப்படியானால் போன் வந்தால் வேலை போச்சு. வராவிட்டால் பிள்ளை குடித்துவிட்டான் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை விடியுமுன்னே அவனுக்கு வயிறு நிறையக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். காதில் ஹெட்செட், கையில் லைனில் சொருகுகிற கார்டு ஒயர்... 'நம்பர் ப்ளீஸ்', 'நம்பர் ப்ளீஸ்'. பின்னால் சூப்பர்வைசர் அம்மா நடந்துகொண்டே இருப்பார். பக்கத்து சீட்டோடு பேசக்கூடாது, தலையைத் திருப்பக்கூடாது. போர்டில் ஒவ்வொரு விளக்கு எரியும்போதும் அவரோ என்று பயந்துகொண்டேதான் கார்டைச் சொருகினேன். நேரம் ஏற ஏற மார் கனத்து வலித்தது. ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். எனக்கே இப்படி வலிக்கிறதென்றால் அவனுக்கு எவ்வளவு பசிக்கும்!

மத்தியானம் டியூட்டி முடியப்போகிற சமயம். அடுத்த சீட்டு சரோஜா தலையைத் திருப்பாமல் முணுமுணுத்தாள்.

"உன் வீட்டுக்காரர் லைன்ல இருக்காருடி."

அவ்வளவுதான். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எழுந்துவிட்டேன். சூப்பர்வைசர் அம்மா என்னை நோக்கி வருவது தெரிந்தது. வேலையும் போயிற்று, பிள்ளையும் காலையிலிருந்து பட்டினி என்று முடிவே கட்டிவிட்டேன். சரோஜா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடி. குடிச்சுட்டானாம்."

உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் பாட்டுக்குக் கொட்டியது. சூப்பர்வைசர் அம்மா வந்து பார்த்தார், அடுத்த சீட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவரைத்தான் பிடித்தேன். குடித்தால் ஏன் போன் செய்தீர்கள், என் உயிரே போய்விட்டது என்று கத்தினேன்.

"காலையிலேர்ந்து சொட்டுகூடக் குடிக்கல. உனக்கு போன் பண்ணலாம்னுதான் தூக்கிட்டுக் கிளம்பினேன். ஒர்க் ஷாப்ல சாப்பாட்டு சங்கு ஊதி, கேட்லேர்ந்து சைக்கிளா வந்துச்சு பாரு, அதை வாயைப் பொளந்துக்கிட்டு பார்த்தான். அப்படியே பாட்டிலை வாயில வெச்சேன். குடிச்சுட்டான். அந்த சந்தோஷத்தை யார்கிட்ட சொல்றது? உன்கிட்டதானே சொல்லணும்."



பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். வயிறு நிறைந்திருந்தது போலிருக்கிறது, என்னிடம் வாய் வைக்காமலேயே தூங்கிப்போனான். வலி தாங்காமல் கொல்லைப்பக்கம் போனேன். தாய்ப்பால் கால்படுகிற இடத்தில் விழக்கூடாது என்பார்கள். வாழைக்கன்றின் அடியில் பீய்ச்சிவிட்டு வந்தேன். அதன்பிறகு வேலைக்குப் போன நாளெல்லாம் அப்படித்தான்... ஆபீஸ் பாத்ரூமிலும் சரி, வீட்டிலும் சரி.

இப்போது நாங்கள் எடமலைப்பட்டி புதூரில் இருக்கிறோம். மாடியில் குடியிருக்கிற பெண்ணுக்கு பேங்கில் வேலை, கைக்குழந்தைக்காரி. தினமும் சாயங்காலம் ஒரு சின்னப் பையோடு படியேறுவாள். போன வாரம் என்னம்மா அது என்று கேட்டேன்.

திறந்து காட்டினாள். ஐஸ் கட்டிக்கு நடுவே சின்னச் சின்ன பாட்டில்கள். ஆபீஸிலேயே மெஷின் வைத்து எடுத்த அவளுடைய பால். ஃப்ரிட்ஜில் வைத்தால் நாளைக்குப் பிள்ளை அதைத்தான் குடிக்குமாம்.

"அப்போ நீங்கள்லாம் என்ன பண்ணுவீங்க ஆன்ட்டி?"

"கீழே ஊத்திடுவேம்மா" என்றேன். சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தேன், ஆனால் அந்த பாட்டில்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்தப் பெண் மாடிக்குப் போகாமல், பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.