மாத்திரைக்குத் துணை பால் தேநீர்

பிள்ளைகளே, சுங்கை சிப்புட் ஊருக்குப் பக்கத்தில் பழைய ரப்பர் தோட்டத்தில் ஆட்டுக்குப் புல் அறுக்கப் போய், உண்ணி கடித்து எனக்குக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கிறதா? கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை வெறும் வயிற்றில் பால் தேநீரோடு விழுங்கினேன். நம் வீட்டில் எந்த மாத்திரைக்கும் அதுதானே துணை! ஒவ்வொரு முறையும் குமட்டி, வாந்தி வந்தது.

"இந்த மருந்து வேணாம்லா, காய்ச்சலே தேவல," என்றேன்.

உங்கள் அம்மா உடனே கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

"மருந்த நிறுத்தவே கூடாதாம். பாலோட போட்டா சரியா வேலை செய்யாதாம். மொதல்ல சாப்புடணும், போட்டதும் படுக்கக் கூடாது."

"தேத்தண்ணி இல்லாம எப்படி?"

"அது ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு. காய்ச்சல் முத்திப்போனா இந்தப் பிள்ளைங்கள யாரு பாக்குறது?"

கஞ்சி குடித்து, நிறையத் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கி, நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்கள் வாளியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தீர்கள். குமட்டியது, வாந்தி வரவில்லை.

"அப்பா, வாளிய கொண்டுபோய் வச்சிரலாமா?"

"கொஞ்சம் இருக்கட்டும்லா," என்றேன். நீங்களும் நகரவில்லை.