இரண்டு பூட்டும் ஒரே கையில்

நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில், எங்கள் அலுவலகப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்காமல் யாரும் இறங்குவதில்லை. சேர்ந்த முதல் வாரம் காபிக் கோப்பையுடன் ஓடி இறங்கினேன். முன்பின் தெரியாத ஒருவர் நிறுத்தி, "கைப்பிடி" என்றார். திட்டுகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் குழம்பிப்போய், "மன்னிப்பு எதற்கு? விழாமல் இருங்கள், போதும்" என்றார். பல்லாவரத்தில் ஏறிக் கிண்டி வரை மின்சார ரயிலின் வாசலில் நின்றே கல்லூரி போனவள் நான்.

கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடைகளில் என்னென்ன கெட்டுப்போகலாம், அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவது என் வேலை. சின்ன வயதிலிருந்தே எதற்கும் பட்டியல் போடுவேன். இங்கே அதற்குச் சம்பளம் தருகிறார்கள். கிணற்றிலிருந்து எரிவாயு பீறிட்டால் அதன் வாயை மூடக் கடலடியில் ஒரு பெரிய அடைப்பான் உண்டு. அதை இயக்க இரண்டு தனித்தனிக் கட்டுப்பாட்டு அமைப்புகள். ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒருமுறை தவறும் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து தவறுவது பத்து லட்சத்தில் ஒருமுறை. பெருக்கினால் வரும் அழகான எண். ஆனால் ஒன்றின் கோளாறுக்கும் மற்றதன் கோளாறுக்கும் தொடர்பே இல்லாதபோதுதான் அந்தப் பெருக்கல் செல்லும்.

சென்ற ஆண்டு ஒரு மேடையின் அறிக்கையில் நான் கையெழுத்திட வேண்டியிருந்தது. பராமரிப்புப் பதிவுகளைப் பார்த்தேன். இரண்டு அமைப்புகளையும் ஒரே நாளில், அதே இரண்டு பேர், அதே கருவியை வைத்துச் சரிபார்த்திருந்தார்கள். முதலாவதில் தவறியிருந்தால் இரண்டாவதிலும் அப்படியேதான் தவறியிருப்பார்கள். அந்த மேடையில் நூற்றுச் சொச்சம் பேர் தூங்கி எழுகிறார்கள்.

இந்தக் கணக்கை நான் முதலில் பார்த்தது சென்னையை ஒட்டிய அனகாபுத்தூரில், எங்கள் வீட்டில். பள்ளியில் படித்தபோது, மழைக்காலத்துக்கு முன் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினேன். அம்மாவுக்கு ஆஸ்துமா, நெபுலைசருக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். அதுவும் போனால் பக்கத்து வீட்டு ரஹ்மான் பாயின் ஜெனரேட்டர். இரண்டும் தரைத்தளத்தில். அடையாற்று வெள்ளம் தெருவுக்குள் வந்த அன்று அரை மணி நேரத்துக்குள் இரண்டும் மூழ்கின. அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு பாய் வீட்டு மொட்டைமாடிக்கு ஓடினார். நான் பட்டியலைப் பிய்த்துக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். பாய் அதை வாங்கிப் படித்தார்.

"இன்னாம்மா இஞ்சினீரு, எல்லாத்தையும் எழுதிக்கீற. தண்ணி எங்கம்மா?"

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டார். மதியம் படகு வந்தது, அம்மா பிழைத்தார்.

ஸ்டவாங்கரில் அந்த மேடையின் அறிக்கைக் கூட்டத்தில் எதிரே தோண்டும் பணிகளின் தலைவர் ஆர்னே. முப்பது வருட அனுபவம். பராமரிப்பு விஷயத்தைப் பதினான்காம் பக்கத்தில் அடிக்குறிப்பாக எழுதியிருந்தேன். பெரியவர்தானே, படித்துவிட்டுக் கேட்பார் என்று காத்திருந்தேன். எங்கள் கல்லூரியில் சார் பேசி முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை. இங்கே பேசாமல் இருந்தால் சம்மதம். "எல்லோருக்கும் சம்மதம். திங்கட்கிழமை தோண்டுகிறோம்" என்று ஆர்னே மடிக்கணினியை மூடினார்.

"எனக்குச் சம்மதமில்லை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கருவி மோசமா?"

"நல்ல கருவி."

"அப்படியானால் என் ஆட்களை நம்பவில்லை."

"நம்புகிறேன். நல்ல ஆட்களும் ஒரே தவறை இரண்டு இடத்தில் செய்வார்கள். இரண்டாவது அமைப்பை வேறு இருவர் சரிபார்க்கும்வரை நான் கையெழுத்திட மாட்டேன்."

அவர் மடிக்கணினியை மீண்டும் திறந்து பதினான்காம் பக்கத்தைப் படித்தார். "இது ஏன் அடிக்குறிப்பில் கிடக்கிறது?" என்று மட்டும் கேட்டார். தோண்டும் வேலை நான்கு நாள் தள்ளிப்போனது. வேறு இருவர் ஹெலிகாப்டரில் போய்ச் சோதித்தார்கள். ஒரு கோளாறும் இல்லை.

வீட்டுக்கு ஃபோன் செய்து சொன்னேன்.

"நாலு நாள் நிறுத்திட்டு என்னம்மா கண்டுபுடிச்ச?" என்றார் அப்பா.

"ஒண்ணும் இல்லப்பா."

"அதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று சிரித்தார். பிறகு ஃபோனை வைக்காமலே பாயைக் கூப்பிட்டு, "நம்ம பொண்ணு ஒரு கப்பலையே நிறுத்திடுச்சு பாய்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கப்பல் இல்லை என்று நான் திருத்தவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கோளாறைப் பிடித்ததற்காக அல்ல. கோளாறு இல்லை என்பதை வெறும் நம்பிக்கையாக விட்டுவிடாமல் சோதித்துத் தெரிந்துகொண்டதற்காக. இப்போது எங்கள் எல்லா மேடைகளிலும் இரண்டாவது அமைப்பை வேறு ஆட்கள்தான் சோதிக்கிறார்கள். ஆர்னே கூட்டத்தை முடிக்குமுன் என் பக்கம் திரும்பி, "அடிக்குறிப்பு ஏதாவது?" என்று கேட்கிறார்.

அனகாபுத்தூரில் இன்வெர்ட்டர் மாடிக்குப் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் இன்னும் கீழேதான் படுக்கிறார்கள். படியேற அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. அங்கே எதையும் நிறுத்திவைக்க என் கையெழுத்து செல்லாது.

ஒவ்வொரு அறிக்கையின் முதல் பக்கத்திலும் 'மேடையில் இருப்போர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் உண்டு. இன்று காலை சென்னையில் மழை பிடித்துவிட்டதாக அம்மா செய்தி அனுப்பியிருந்தார். கட்டத்தை நிரப்பிவிட்டுச் சரிபார்த்தேன். இரண்டு பேரைக் கூடுதலாக எழுதியிருந்தேன். அழித்துவிட்டுச் சரியான எண்ணை எழுதிக் கையெழுத்திட்டேன்.