டேங்க் பட்டறையில் ஒரு பாய்மரப் படகு

ஃபைபர் பட்டறைத் தொழிலில் அரிப்பு இரண்டு வகை: கண்ணாடி நாரால் வருவது நாலு குளியலில் போய்விடும், கஸ்டமரால் வருவது போகவே போகாது. சிரிக்க ஒரு சம்பவம் வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது சொல்ல மாட்டேன். கஸ்டமரிடம் மாட்டி வதங்கும் சக ஜீவன்களே, நான் பட்டதை முதலில் நீங்களும் படுங்கள்.

நாலு விரக்கடை

மதுரை திருநகரில் என் சித்தப்பா பாண்டியின் பட்டறை. செய்வது தண்ணீர் டேங்க். அங்கே லாரியில் வந்து இறங்கியது ஒரு பழைய ஃபைபர் பாய்மரப் படகு. வாங்கியவர் ரிட்டயர்டான கெமிஸ்ட்ரி சார். மேல்தளத்தில் கப்பி, கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கொம்பு எல்லாம் புதிதாகப் பொருத்த வேண்டும். சனிக்கிழமை லாரிக்குத் தயாரானால், தூத்துக்குடியில் முதல் ஓட்டத்துக்கு என்னையும் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். பிளஸ் டூ முடித்த நான் அதுவரை டேங்குக்குள் தவிர எங்கும் மிதந்ததில்லை.

பட்டறையின் மூத்த வேலையாள், எழுமலை ஊர்க்காரர் செல்வம் அண்ணே மேலே நின்று துளை போட்டு போல்ட்டை இறக்குவார். வெயிலில் வேகும் படகு அறைக்குள் மல்லாந்து படுத்து நட்டைப் பிடிப்பது நான். மாட்டி முடித்ததும் சார் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "ஒரு நாலு விரக்கடை பின்னால தள்ளிரலாமா தம்பி?" (மூக்கால் படியுங்கள், அவர் குரல் அப்படி.) கழற்று, ஓட்டையை அடை, தேய், திரும்பத் துளை போடு. கொம்பு மூன்றாவது தடவை நகர்ந்தபோது செல்வம் அண்ணே டிரில்லைக் கீழே வைத்தார். "சார், உங்களுக்கு வேணுங்கிறது படகா, இடியாப்ப உரலா?"

டேங்க் புத்தி

சிரிப்பா? பொறுங்கள்.

வியாழக்கிழமை சித்தப்பா, "ஒரு ஓட்டை மிஞ்சக் கூடாது" என்றார். கண்ணில் பட்டதையெல்லாம் அடைத்தோம். படகில் ஆள் உட்காரும் பள்ளத்தின் தரையில் இருந்த இரண்டு துவாரங்களையும் சேர்த்துத்தான். பிறகு டேங்குக்குச் செய்கிற அதே சோதனை: குழாயைப் போட்டுப் பள்ளத்தை நிரப்பினோம். சொட்டு ஒழுகவில்லை. சித்தப்பா மீசையைத் தடவியபடி சாரைக் கூப்பிட்டுக் காட்டினார். சார் தளும்பும் தண்ணீருக்குள் கையை விட்டு அடைத்த இடத்தைத் தடவினார். "அலைத் தண்ணி வடியுறதுக்கு வச்ச ஓட்டைய்யா அது. அதையும் அடைச்சு, என்னைய நடுக்கடல்ல குளிக்கச் சொல்றீகளா?"

உள்ளிருந்து ஒரு குரல்

வெள்ளிக்கிழமை. துவாரங்களைத் திறந்தாயிற்று. பாக்கி கடைசிக் கப்பி. வாசலில் சார் பைக் சத்தம். அவர் ஏறினால் மறுபடி நாலு விரக்கடை, நாளைய லாரி போச்சு, தூத்துக்குடி போச்சு. சித்தப்பாவோ டீ வாங்கப் போயிருந்தார். யார் குரலும் எனக்கு அச்சு அசலாக வரும். உள்ளே படுத்தபடியே சித்தப்பாவின் கரகரப்பை எடுத்துவிட்டேன். "சார்! ஏறிராதீக! ரெசின் காயல!"

"சரி பாண்டி, நீங்க பாருங்க" என்று சார் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். செல்வம் அண்ணே உதட்டைக் கடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கினார். குஷியில் எனக்கு வாய் நிற்கவில்லை. சித்தப்பாவின் இருமல், செருமல், கூடவே எனக்கு நானே ஒரு பாராட்டு: "நம்ம பய மாதிரி வேலைக்காரன் மதுரையிலயே கிடையாது சார்!"

"அம்புட்டு நல்ல பையனா?" என்றார் சார்.

"யாரைச் சொல்றீக சார்?" வாசலில், தூக்குவாளியும் கையுமாக, நிஜச் சித்தப்பா.

சார் அவரைப் பார்த்தார். படகைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். எழுந்து வந்து படகின் வயிற்றில் தட்டினார். "தம்பி, இந்தக் குரலை மட்டும் தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போறேன், ஆளு இங்கயே கிடக்கட்டும்."

ஆக, அடைக்கக் கூடாத ஓட்டையை அடைத்து, அடைக்க வேண்டிய வாயைத் திறந்ததோடு முடிந்தது என் கடல் பயணம்.