சீசருக்குத் தடவின எஞ்சின் ஆயில்

நாய் முடி பளபளக்கணும்னு எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அந்த முடியில ஒரு நாளும் சீப்பு வெச்சதில்லை. ப்ளஸ் ஒன்னோட படிப்பை விட்டுட்டு, கும்மிடிப்பூண்டியில ரேவதி அக்காவோட நாய் குளிப்பாட்டுற கடையில சேர்ந்தேன். கஸ்டமர் முன்னாடி பல்லைக் கடிச்சுக்கினு சிரிச்ச அனுபவம் உங்களுக்கும் இருந்தா, சீசர் விஷயம் உங்களுக்குப் புரியும்.

அதே ஷாம்பு

சீசர் ஒரு இரும்புக் கம்பெனி கேட்டுல கட்டிப் போட்டிருந்த ஜெர்மன் ஷெப்பர்டு. கத்திரி வெயில்ல ஒரு நாள் அந்தக் கம்பெனி மேனேஜர் கூட்டிக்கினு வந்தார். முடி காஞ்ச தேங்காய் நார் மாதிரி இருந்துச்சு, இடுப்புல சொறி. சாப்பாடு கேன்டீன்ல மிஞ்சின சாம்பார் சோறு. குளியல் தினமும். தினம் சோப்பு போட்டா தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசை போயிடும், டாக்டர்கிட்ட காட்டுங்க, தினம் வாரி விடுங்கன்னு அக்கா பொறுமையா சொன்னாங்க. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என்ன ஷாம்பு போடறீங்கன்னு கேட்டேன். உச்சந்தலையில ஒத்த முடி இல்லாத அந்த மனுஷன் சொன்னார்: "நான் போடற அதே ஷாம்புதான் பாப்பா."

மொட்டை

அடுத்த தடவை வந்தப்போ ஒரு சேதியோட வந்தார். ஆயுத பூஜைக்கு முதலாளி வர்றாராம். போன வருஷமே நாயைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சாராம். இந்தத் தடவையும் இப்படியே இருந்தா, வண்டியில ஏத்தி சோழவரம் ஏரிப் பக்கம் விட்டுட்டு வேற வாங்கிடுவாங்களாம். கிழிஞ்ச பாயைத் தூக்கிப் போடற மாதிரி சொன்னார்.

முடி அடர்த்தியா வரணும்னா மொத்தமா வழிச்சு விடணும்கறது அவரோட கண்டுபிடிப்பு. இதுக்கு ரெண்டு அடுக்கு முடி சார், வழிச்சா ஒழுங்கா வளராமலே போகலாம், வெயில் நேரா தோல்ல அடிக்கும், நான் வழிக்க மாட்டேன்னு அக்கா சொன்னாங்க. அவர் கேக்கிற ஆளா? "எங்க பையனுக்குத் திருத்தணியில மொட்டை போட்டோம் மேடம், இப்போ சீப்பே எறங்கல."

பளபளப்பு

மறுபடி வந்தப்போ சீசர் நிஜமாவே மின்னினான். கிட்டப் போனா மெக்கானிக் ஷெட் நாத்தம். ஜெனரேட்டர்ல இருந்து வடிச்ச கருப்பு ஆயிலைக் கழுத்துலேர்ந்து வால் வரைக்கும் தடவியிருந்தாங்க. சொறிக்கு அதுதான் மருந்துன்னு இந்தப் பக்கத்துக் கம்பெனிகள்ல ஒரு நம்பிக்கை. சீசர் அதை நக்கி நக்கி வாந்தி எடுத்து, நிக்க முடியாம காலை மடக்கிட்டான். நானும் அக்காவும் பாத்திரம் கழுவற சோப்பைப் போட்டுத் தேய்ச்சோம். கருப்புத் தண்ணி நிக்கவே இல்லை. நான் தேய்ச்சுக்கினே திட்டினேன், வயசு மரியாதை எல்லாம் பாக்கல. வாசப்படியில நின்ன மேனேஜருக்கு நெசமாவே புரியல: "இப்போதான் பளபளன்னு கீது, அதைப் போய் இன்னாத்துக்குக் கழுவறே?"

புதுசு

பிழைக்கிறது கஷ்டம்னு சொல்லிக்கினேதான் டாக்டர் ஊசி போட்டார். அக்கா சீசரைத் திருப்பி அனுப்பல. கம்பெனியிலேர்ந்தும் யாரும் கேக்கல. சொறிக்கு மருந்து, அவிச்ச முட்டை, முள் எடுத்த மத்தி மீன், தினம் என் கையால சீப்பு. ஆயுத பூஜை வர்றதுக்குள்ள சொறி ஆறி, முடி வந்து, முதுகு வெயில்ல செம்பு மாதிரி இருந்துச்சு.

என்ன இருந்தாலும் அவங்க நாய், முதலாளியே கண்ணால பாக்கட்டும்னு பூஜை அன்னிக்கு நாங்களே கொண்டு போனோம். மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்ச கையோட சீசர் நெத்தியிலயும் சந்தனம் வெச்சாங்க. முதலாளி காரை விட்டு எறங்கி, அவன் முதுகைத் தடவிப் பாத்து, நல்லா இருக்கே, அந்தச் சொறி நாயை என்ன பண்ணீங்கன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மேனேஜர் முந்திக்கினார்: "அதை அப்பவே தொரத்தியாச்சு சார், இது நான் பாத்துப் பாத்து வாங்கினது."

சீசர் இன்னும் அந்த கேட்டுலதான் மின்னிக்கினு இருக்கான், எவ்வளவு தேய்ச்சாலும் மின்னாத ஜென்மம் உள்ளே ஏசி ரூம்ல உக்காந்துக்கினு இருக்கு.