பதினைந்து பேர், பத்து நாள்

ஏழாம் வகுப்பில் எனக்குப் பிடித்த பாடம் எதிர்விகிதம். ஆட்கள் கூடினால் நாட்கள் குறையும். பழைய ஆட்களையும் நாட்களையும் பெருக்கி, புதிய ஆட்களால் வகுத்தால் விடை வந்துவிடும்.

அந்த வருஷம் அம்மா கரும்பு வெட்டப் போவதாக இருந்தது. எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கத்தில், கரும்பு திருவெண்ணெய்நல்லூரில். போனால் தோட்டத்திலேயே தங்கிவிட வேண்டும். அதற்கு முன் அம்மா இல்லாமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. ஆள் சேர்க்க வந்த மேஸ்திரி வாசலில் நின்று, பத்துப் பேர், பதினைந்து நாள் வேலை என்று அப்பாவிடம் சொன்னதும் மனத்துக்குள் பெருக்கி வகுத்துவிட்டு ஓடினேன்.

“மாமா, இன்னும் அஞ்சு பேர இட்டுக்கினு போங்க. பத்தே நாள்ல முடிஞ்சிடும்.”

மேஸ்திரி சிரித்தார். “ஏம்பா, உம்பொண்ணு என்னையே வேலை வாங்குதே! ஆளுக்கு எங்க போறது?”

“அத்தை வரும்.”

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, “அடியே, என்னையும் தள்ளிவுடறியா?” என்று கன்னத்தைக் கிள்ளினாள். ஆனால் கிளம்பிவிட்டாள். தெருவில் இன்னும் நான்கு பேர் சேர்ந்தார்கள்.

அரிசி ஆலை வேலைக்குப் போகுமுன் அப்பா கிண்டிய கேப்பைக் களி தினமும் அடிப்பிடித்தது. அம்மாவின் பழைய புடவையை முகத்தோடு வைத்துக்கொண்டு படுப்பேன். நாளாக ஆக அதில் அவள் வாசனை குறைந்துகொண்டே வந்தது. எந்த விகிதத்தில் என்று கணக்கிட எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் மாலை அப்பாவும் நானும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். விழுப்புரத்திலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் அம்மாவைத் தேடினேன். கடைசியில் அத்தை மட்டும், காய்ச்சலில் முகம் வாடி இறங்கினாள்.

“வேலை முடியலியா அத்தை?”

“காலைலயே முடிஞ்சிச்சு. உங்கணக்கு தப்பல.”

“அம்மா எங்க?”

“விழுப்புரத்தாண்ட காணைல வேற தோட்டம் புடிச்சிட்டாரு மேஸ்திரி. இவ்ளோ ஆளு இருக்குதே, ஜல்தியா வெட்டிடலாம்னு காய்ச்சல்னு என்னிய மட்டும் வுட்டுட்டு எல்லாரையும் அப்டியே லாரில ஏத்திக்கினு போய்ட்டாரு. அதுக்கப்பறமும் ரெண்டு தோட்டம் இருக்குதாம். லாரில நின்னுக்கினே உங்கம்மா உன்னப் பத்தியேதான் பேசிக்கினு இருந்தா.”

அப்பா ஒரு கையில் அத்தையின் மூட்டையை வாங்கிக்கொண்டார். மறு கையில் நான். காணைத் தோட்டத்துக்கு ஆட்கள் எத்தனை, நாட்கள் எத்தனை என்று யோசித்தபடி கொஞ்ச தூரம் நடந்தேன்.

“அப்பா, நீயும் போனா இன்னும் ஜல்தியா முடிஞ்சிடும் இல்ல?”

என் கையைப் பிடித்திருந்த அப்பாவின் பிடி இறுகியது, வலித்தது. சரியான வழியைத்தானே சொன்னேன், இதற்கு ஏன் இப்படிப் பிடிக்கிறார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.